கப்பலுக்குள்ள ஒரு பொய் ஜன்னல்

நைட் டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன். தூக்கம் வரல. அதனால இன்னைக்குப் பதிவு கொஞ்சம் நீளமாவே இருக்கும். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். குடும்பத்தோட சிங்கப்பூர் போறான், அங்கிருந்து நாலு நாள் கப்பல் பயணம்.

"மச்சி, பால்கனி வெச்ச ரூம் ரேட்டு எகிறுதுடா. உள்பக்க ரூம் பாதி விலைக்குக் கிடைக்குது. ஆனா ஜன்னலே கிடையாதாம். அம்மாவுக்கு ஒத்துக்குமா? மூச்சு முட்டுற மாதிரி இருக்காதா?"

அம்மாவுக்கு 68 வயசு. சுகர், பிபி ரெண்டும் உண்டு. நான் ஏதோ பதில் சொல்லிட்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது. "இல்லடா, இதுல வர்ச்சுவல் பால்கனின்னு ஒண்ணு போட்டிருக்கான். சுவர் பூரா ஒரு டிவி, அதுல கடல் தெரியுமாம். அது போதுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "டிவில கடல் பாக்கவா சிங்கப்பூர் போறே? மெரினாவுக்கு பஸ் ஏறு"ன்னு கலாய்ச்சுட்டு வெச்சுட்டேன். அப்புறம் ஐசியூ ரவுண்ட்ஸ் போனப்ப ஒரு விஷயம் உறுத்துச்சு. எங்க ஐசியூலயும் ஜன்னல் தெரியாது. அங்க படுத்திருக்கிற ஆளுக்கு அந்த டிவிகூடக் கிடையாது. சிரிச்சது தப்போன்னு தோணவும் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல, கப்பல்ல ஜன்னல் இல்லாத ரூம் ஏன் வருது?

அகலமான வீட்டை நினைச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற ரூமுக்கு வெளிச்சம் வரும். நடு ரூம் இருட்டாத்தான் இருக்கும். நம்ம ஆளுங்க அதுக்கு நடுவுல முற்றம் விட்டாங்க. முற்றத்துக்கு இடம் இல்லாத ஓட்டு வீட்ல, கூரையில ஒண்ணு ரெண்டு கண்ணாடி ஓடு பதிச்சாங்க. கப்பல் கட்டுறவங்களும் காலங்காலமா இதே ரெண்டு வேலையைத்தான் வேற வேற விதமா செஞ்சு பார்த்திருக்காங்க.

கண்ணாடி ஓடு கதை முதல்ல. மரக்கப்பல் காலத்தில் மேல்தளத்துப் பலகையில் ஓட்டை போட்டு, கனமான கண்ணாடிப் பட்டகம் ஒன்றைப் பதித்தார்கள். மேல்பக்கம் தட்டையாக இருக்கும், ஆள் மிதித்து நடக்கலாம். கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி தொங்கும். வெயில் அதில் பட்டு கீழ்த்தளம் முழுக்கச் சிதறும். 1841-ல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ மோர்கன் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் இது இருந்தது. மரக்கப்பலுக்குள் விளக்கு ஏற்றி வைப்பதே ஆபத்து, அதனால் இந்தக் கண்ணாடி பெரிய உதவி.

ஆனா இது எல்லாருக்கும் கிடைச்ச வசதி கிடையாது. அந்தக் காலத்துல குடியேற்றக் கப்பல்ல கீழ்த்தளத்தில் போன ஏழைகளுக்கு வெளிச்சமும் காத்தும் முக்கியமா மேல்தளத்துத் திறப்பு வழியாத்தான் வரும். புயல் வந்தா அதையும் மூடிருவாங்க. நம்ம மக்கள் இப்படித்தான் போனாங்க. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்கிற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோட தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போன முதல் கூட்டம் அது. இந்த மாதிரி ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள்ல கூடவே ஒரு டாக்டர் போகணும். ஆட்களைப் பகல்ல மேல்தளத்துக்கு வரவைக்கிறது அவர் வேலையில ஒரு பெரிய பகுதி. மெலனோப்சின், சர்க்காடியன் ரிதம் எதுவும் அந்த டாக்டருக்குத் தெரியாது. ஆனா கீழேயே கிடந்தா ஆள் தேறமாட்டான்னு தெரிஞ்சிருக்கு.

சரி, பக்கச் சுவர்ல நிறைய ஜன்னல் வெச்சுட்டா என்ன? இங்கதான் பிரச்சினை. கப்பலோட பக்கச் சுவர்ல போடுற ஒவ்வொரு ஓட்டையும் தண்ணி வர ஒரு வழி.

இதுக்கு எங்க துறையிலிருந்தே ஒரு கதை இருக்கு. டைட்டானிக்கைத் தெரியாதவங்க கிடையாது. அதோட தங்கச்சி பிரிட்டானிக். முதல் உலகப்போர்ல அதை மருத்துவமனைக் கப்பலா மாத்தினாங்க. டைட்டானிக் மூழ்கின பாடத்தைப் படிச்சு, இரட்டைச் சுவர், உயரமான தடுப்புகள் எல்லாம் வெச்சுப் பலப்படுத்தின கப்பல். 1916 நவம்பர் 21 காலையில் கிரீஸ் நாட்டின் கியா தீவுப் பக்கம் கண்ணிவெடியில் மோதியது. டைட்டானிக் மூழ்க ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. இது 55 நிமிஷத்துல போயிருச்சு. ஒரு முக்கியக் காரணம், வார்டுக்குக் காத்து வரட்டும்னு நர்ஸுகள் திறந்து வெச்சிருந்த வட்ட ஜன்னல்கள். கப்பல் சாயச் சாய அந்த ஜன்னல்கள் தண்ணி மட்டத்துக்கு வந்துருச்சு. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த கப்பல்ல 30 பேர் இறந்தாங்க. நல்லவேளை, அப்போ கப்பல்ல நோயாளிகள் இல்லை.

அந்த நர்ஸுகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. காத்தோட்டம் இல்லாத வார்டுல நின்னு பார்த்தவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. வெளிச்சமும் காத்தும் வேணும், ஆனா ஓட்டை இருக்கக் கூடாது. கப்பல் ஜன்னல் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

இந்த இழுபறிக்கு ஒரு புத்திசாலித்தனமான விடை நம்ம பக்கத்துக் கடல்ல ஓடின கப்பல்கள்ல வந்தது. பிபி லைன் என்கிற லிவர்பூல் கம்பெனி சூயஸ் வழியா கொழும்பு, ரங்கூன் வரைக்கும் கப்பல் விட்டது. வெயில் ஊர்ப் பயணம். ஏசி கிடையாது. உள்பக்க ரூம்ல படுத்தா வெந்துருவோம். அதனால 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவங்க ரூமை நம்ம 'ட' எழுத்து மாதிரி கட்டினாங்க. படுக்கை உள்ளே இருக்கும். அங்கிருந்து ஒரு ஒடுக்கமான சந்து, வெளிப்பக்க ரூமை ஒட்டியே கப்பலோட ஓரம் வரை போகும். சந்து முனையில ஒரு வட்ட ஜன்னல். அவ்வளவுதான். உள் ரூம்காரனுக்கும் ஒரு கைப்பிடி கடல் கிடைச்சது. கப்பல் கட்டுறவங்க பேச்சுல இதுக்குப் 'பிபி கேபின்'னு பேரே நிலைச்சுருச்சு. 1961-ல் வந்த கான்பெரா என்ற பி அண்ட் ஓ கப்பல்லகூட, பல ரூம்களை ஒரு சின்ன முற்றத்தைச் சுத்தி அடுக்கி, அந்த முற்றத்துக்குக் கப்பல் ஓரத்துல ஜன்னல் வெச்சாங்க. பிபி கேபினோட பேரன்னு சொல்லலாம்.

(இடையில ஒண்ணு. 'போஷ்'னு ஒரு வார்த்தை சொல்றோமே, பணக்கார ஸ்டைலுன்னு. இந்தியா வரும்போது இடப்பக்க ரூம், திரும்பும்போது வலப்பக்க ரூம், அதாவது வெயில் படாத பக்கம், அந்த டிக்கெட்டோட சுருக்கந்தான் போஷ்னு ஒரு கதை சுத்துது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி ஒரு டிக்கெட் அடிச்சதுக்கு ஆதாரமே கிடைக்கல. வாட்ஸ்அப் வர்றதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் தகவல் இருந்திருக்கு.)

நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின ரஜூலா கப்பல்ல நம்ம தாத்தா பாட்டிங்க ஆயிரக்கணக்குல டெக் பாசஞ்சரா போனாங்க. அவங்களுக்கு ரூமே கிடையாது. பாய் விரிச்சுப் படுக்கிற இடந்தான். ஜன்னல் ரூம் வெள்ளைக்காரத் துரைக்கு.

ஏசி வந்ததும் எல்லாம் மாறிருச்சு. 1930-கள்ல சில கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் வந்த ஏசி, 50-கள் 60-கள்ல எல்லா ரூமுக்கும் பரவுச்சு. இனி உள் ரூம்ல யாரும் வேக மாட்டாங்க. அதாவது, ஜன்னல் இல்லாத ரூமையும் காசுக்கு விற்கலாம். அதே சமயம் ஜெட் விமானம் வந்து ஊர்விட்டு ஊர் போற பயணிகளைத் தூக்கிட்டுப் போயிருச்சு. கப்பல் கம்பெனிகள் உல்லாசப் பயணம் பக்கம் திரும்பின. உல்லாசத்துக்கு வர்றவன் கடலைப் பார்க்க வர்றான். அவனுக்குக் கடல் தெரியாத ரூமை என்ன சொல்லி விற்கிறது?

ஒரு வழி, உள் ரூமே இல்லாமல் கட்டுவது. 1984-ல் ராயல் பிரின்சஸ் கப்பலில் பயணிகள் அறைகள் எல்லாமே வெளிப்பக்கம். இளவரசி டயானா பெயர் சூட்டிய கப்பல் இது. அழகுதான், ஆனால் நடுவுல இருக்கிற இடத்தை வேற எதுக்காவது பயன்படுத்தியாகணும், ரூம் எண்ணிக்கை குறையும். அடுத்த வழி, நம்ம முற்றம். 1990-ல் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே ஓட வந்த சில்யா செரினேட் கப்பலில் நடுவே ஒரு தெருவையே விட்டார்கள். உள் அறை ஜன்னல்கள் அந்தத் தெருவைப் பார்த்துத் திறந்தன. 1999-ல் ராயல் கரீபியனின் வாயேஜர் ஆஃப் தி சீஸ் அதையே இன்னும் பெரிசாக்குச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா கடல் கிடையாது, கீழே கடைவீதி. ரங்கநாதன் தெரு மாடியில ரூம் எடுத்த மாதிரி.

இத்தனைக்கும் பிறகும் மிச்ச ரூம்கள் இருந்துச்சு. நாலு பக்கமும் சுவர், விளக்கை அணைச்சா மதியம் 12 மணிக்கும் கும்மிருட்டு. ஏற்கெனவே கட்டி முடிச்சு பத்து வருஷமா ஓடிட்டு இருக்கிற கப்பல்ல என்ன செய்ய முடியும்? கப்பலோட ஓரத்தையே தொடாத ரூமுக்கு எங்க ஓட்டை போடுறது?

2011-ல் டிஸ்னி ட்ரீம் கப்பலில் முதல் பதில் வந்தது. உள் அறைச் சுவரில் வட்டமாக ஒரு திரை, பார்க்க கப்பல் ஜன்னல் மாதிரியே இருக்கும். கப்பலின் வெளியே பொருத்திய கேமராக்களிலிருந்து நேரலையாகக் கடல் தெரியும். நடுநடுவே மிக்கி மவுஸோ, அப் படத்துப் பறக்கும் வீடோ அந்த ஜன்னலுக்கு வெளியே போகும். குழந்தைங்க சுவரை விட்டு நகருமா?

ஆனா டிஸ்னி புதுக் கப்பல். கட்டும்போதே வயர் இழுத்துட்டாங்க. பழைய கப்பல்ல இதைச் செஞ்சு காட்டினது ராயல் கரீபியன். 2002-ல் ஓட ஆரம்பிச்ச நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ், 2014 தொடக்கத்துல பராமரிப்புக்கு உலர் துறைக்குப் போச்சு. கப்பல் தண்ணிக்கு வெளியே நிக்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் போற நாள். அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள 81 உள் அறைகள்ல 80 அங்குல எல்இடி திரையை நட்டக்குத்தலா நிக்க வெச்சாங்க. தரையில ஆரம்பிச்சுக் கூரை வரைக்கும். ரெண்டு பக்கமும் திரைச்சீலை. வெளியே கேமரா, கேமராவிலிருந்து ரூம் வரை ஃபைபர் கேபிள். அலைச் சத்தமும் வரும், வேண்டாம்னா குறைச்சுக்கலாம், ராத்திரி அணைச்சுக்கலாம். சுவர்ல ஒரு ஓட்டைகூடப் போடல. பிரிட்டானிக் கதைக்கு இங்க இடமே இல்லை.

அதே வருஷக் கடைசியில் வந்த குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற புதுக் கப்பல்ல 373 உள் அறைகளுக்கும் இதே ஏற்பாடு. படத்துல ஒரு பொய் கைப்பிடிக் கம்பியும் தெரியும். தரை வரைக்கும் கடல் தெரிஞ்சா, எங்க விழுந்துருவோமோன்னு மனசு பதறும். கம்பி இருந்தா அடங்கும். பொய் ஜன்னலுக்குப் பொய் கம்பி! முன்னாடி கடைவீதி ஜன்னல் வெச்ச வாயேஜர் கப்பல்லயும் 2014-லயே மராமத்துல இந்தத் திரைகளை மாட்டினாங்க.

இப்ப டாக்டரா ஒரு விஷயம். இந்தத் திரையில ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. அது வாந்தி.

கடல்ல ஏன் தலை சுத்துது? உள்காதுல இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுறோம்"னு மூளைக்குச் சொல்லும். மூடின ரூம்ல கண்ணு "எதுவும் ஆடல"ன்னு சொல்லும். ரெண்டு சாட்சியும் முரண்பட்டா மூளை குழம்பி வயித்தைப் பிரட்டும். அதான் பெரியவங்க "வெளிய போய் தூரத்துல கடல் முடியுற இடத்தைப் பாரு"ம்பாங்க. அப்போ கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். பஸ்ல போன் பாத்தா குமட்டுறதும், ஜன்னல் வழியா தூரத்தைப் பாத்தா அடங்குறதும் இதே கதைதான்.

அப்போ திரையில தெரியுற அடிவானம் கப்பல் ஆடுற அதே நொடியில, அதே திசையில ஆடணும். படம் தாமதமா வந்தா, முன்னாடி இருந்த ரெண்டு பொய் சாட்சியோட மூணாவதா ஒண்ணு சேர்ந்துரும். இடப்பக்கம் பார்க்க வேண்டிய ரூம்ல வலப்பக்கக் கடலைக் காட்டினாலும் சிக்கல். சும்மா யூடியூப்ல கடல் வீடியோ போட்டு விட்டா வேலைக்கு ஆகாது. நேரலை கேமரா, ஃபைபர் கேபிள்னு செலவு பண்ணதுக்கு அர்த்தம் இருக்கு.

இப்ப முக்கியமான கேள்வி. உடம்பு இந்தப் பொய்யை நம்புதா?

ஜன்னலோட மதிப்பை எங்க துறையில முதல்ல கவனிக்க வெச்ச ஆய்வுகள்ல ஒண்ணு 1972-ல் வந்தது. வில்சன் என்ற டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூவில் இருந்தவர்களைக் கவனித்தார். ஜன்னல் இருந்த ஐசியூவில் 50 பேர், ஜன்னல் இல்லாத ஐசியூவில் 50 பேர். ஜன்னல் இல்லாத இடத்தில் 40 சதவீதம் பேருக்கு டெலிரியம், அதாவது நேரம் காலம் தெரியாமல் குழம்பிப் போகும் நிலை. ஜன்னல் இருந்த இடத்தில் 18 சதவீதம். அடுத்து 1984-ல் ரோஜர் உல்ரிச். பித்தப்பை ஆபரேஷன் செய்த 46 பேர், பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. நேர்மையாச் சொல்லணும்னா, பிறகு வந்த பெரிய ஐசியூ ஆய்வுகள் சிலதுல ஜன்னலுக்கும் டெலிரியத்துக்கும் இவ்வளவு தெளிவான தொடர்பு வரல. ஐசியூல ஆள் குழம்ப நூறு காரணம் இருக்கு, சோடியத்துலேருந்து மூத்திரத் தொற்று வரைக்கும்.

இதெல்லாம் உண்மையான ஜன்னல். பொய் ஜன்னலை நேரடியாச் சோதிச்சது வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பீட்டர் கான் குழு. 2008-ல் வெளிவந்த ஆய்வு, 90 பேர். ஒரு அறையில் கண்ணாடி ஜன்னல். இன்னொன்றில் அதே காட்சியை நேரலையாகக் காட்டும் பிளாஸ்மா திரை. மூன்றாவதில் திரைச்சீலை போட்ட வெறும் சுவர். லேசான மன அழுத்தம் கொடுத்துவிட்டு இதயத் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்தார்கள். கண்ணாடி ஜன்னல் ஜெயிச்சது. பிளாஸ்மா திரைக்கும் வெறும் சுவருக்கும் வித்தியாசம் இல்லை!

இந்த இடத்துல நான் "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு நண்பனுக்கு போன் போட எடுத்தேன். வெச்சுட்டேன். ஏன்னா அதே குழு முன்னாடி செஞ்ச இன்னொரு வேலை இருக்கு. ஜன்னல் இல்லாத ஆபீஸ் ரூம்ல வேலை பாத்த ஏழு பேருக்கு 16 வாரம் இந்தத் திரையை மாட்டிக் கொடுத்தாங்க. அவங்களுக்குப் பிடிச்சிருந்தது. வெளியே மழையா வெயிலா, ஆள் நடமாட்டம் எப்படின்னு தெரியுது, வெளியுலகத்தோட தொடர்பு இருக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. துடிப்பை இறக்கலைன்னாலும் வேற எதையோ கொடுத்திருக்கு.

திரை எங்க தோக்குது? ஒண்ணு, தலையை அசைச்சா காட்சி மாறாது. நிஜ ஜன்னல்ல நீங்க ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்தா அந்தப் பக்கம் மறைஞ்சிருந்த மரம் தெரியும். திரையில நகர்ந்தாலும் அதே படம். ரெண்டு, வெளிச்சம். 2002-ல் கண்ணின் விழித்திரையில ஒரு புது வகை செல் தன்னிச்சையாவே வெளிச்சத்தை உணருதுன்னு கண்டுபிடிச்சாங்க. மெலனோப்சின் என்ற நிறமி இருக்கிற செல். படம் பாக்கிறது இதோட முக்கிய வேலை இல்லை. "விடிஞ்சிருச்சு, அடைஞ்சிருச்சு"ன்னு மூளைக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்குச் சொல்றதுதான் வேலை. வெளியே பகல் வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸைச் சாதாரணமா தாண்டும். விளக்கு போட்ட ரூம் சில நூறு லக்ஸ்தான். எவ்வளவு பெரிய டிவி வெச்சாலும் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. நாலு நாள் பயணிக்கு அதனால ஒண்ணும் ஆயிடாது, நினைச்சப்ப மேல போய் வெயில்ல நிக்கலாம்.

மேல போக முடியாதவங்க நிலைமை என்ன?

2020 பிப்ரவரி. டைமண்ட் பிரின்சஸ், யோகோகாமா துறைமுகம். கப்பலில் 3711 பேர். கொரோனா பரவ, எல்லாரும் அவங்கவங்க ரூம்லயே இருங்கன்னு உத்தரவு. பால்கனி ரூம்காரங்க வெளியே வந்து கைகாட்டினதை டிவில பாத்திருப்பீங்க. ஜன்னல் இல்லாத ரூம்காரங்களை முறை வெச்சு, கொஞ்ச நேரம் மேல்தளத்துல நடக்க விட்டாங்க. ஒரு வாரத்துக்கு அப்புறம் முதல்ல யாரை இறக்கிக் கரைக்குக் கொண்டு போறதுன்னு ஜப்பான் அரசு முடிவு பண்ணப்ப, 80 வயசுக்கு மேல இருந்தவங்கள்ல ஏற்கெனவே நோய் இருக்கிறவங்களும், ஜன்னல் இல்லாத ரூம்ல இருக்கிறவங்களும் அந்தப் பட்டியல்ல வந்தாங்க. ஜன்னல் இல்லாததே ஒரு நோய் மாதிரி எண்ணப்பட்டது. கடைசியில் 712 பேருக்குத் தொற்று.

அந்தக் கப்பல்ல 138 இந்தியர்கள் இருந்தாங்க. அதுல 132 பேர் ஊழியர்கள். நம்ம தமிழ்ப் பசங்களும் இருந்தாங்க. பயணிகள் ரூமுக்குள்ள இருந்தப்ப அவங்களுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தவங்க இவங்கதான். இவங்க தூங்கினது கீழ்த்தளத்துல, ஒரு ரூம்ல ரெண்டு மூணு பேரா.

கடல் தொழிலாளர் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, 2006-ல் போட்டது, 2013-ல் அமலுக்கு வந்தது. இந்தியாவும் 2015-ல் ஏத்துக்கிட்டது. அதுல மாலுமிகள் தூங்குற அறைக்கு இயற்கை வெளிச்சம் வேணும்னு தெளிவா எழுதியிருக்கு. ஆனா கூடவே ஒரு விதிவிலக்கு, பயணிகள் கப்பலுக்குத் தனி ஏற்பாடு அனுமதிக்கலாம். அறைகள் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழேகூட இருக்கலாம், விளக்கும் காத்தும் சரியா இருந்தா போதும். சரக்குக் கப்பல் மாலுமிக்குச் சட்டம் கொடுக்கிற ஜன்னல், உல்லாசக் கப்பல்ல பாத்திரம் கழுவுற பையனுக்குக் கட்டாயம் கிடையாது. நாலு நாள் வந்து போற நண்பனுக்கு 80 அங்குலக் கடல். மாசக்கணக்குல அங்கேயே கிடக்கிறவனுக்கு ட்யூப் லைட். பொய் ஜன்னல் யாருக்கு அதிகம் தேவைன்னு என்னைக் கேட்டா, நான் கீழ்த்தளத்தைத்தான் காட்டுவேன்.

(2017-ல் எமிரேட்ஸ் விமானத்தோட முதல் வகுப்புலயும் இதே வித்தை வந்துருச்சு. நடு வரிசை ரூம்ல மூணு பொய் ஜன்னல், வெளியே கேமரா. நமக்கு எக்கானமில நிஜ ஜன்னல் ஸீட் போதும்.)

நண்பனுக்கு ரெண்டு நாள் கழிச்சு நானே போன் பண்ணேன். "திரை வெச்ச ரூமையே போடு, வெறும் உள் ரூம் வேண்டாம். முடிஞ்சா கீழ்தளமா, கப்பலோட நடுவுல பாத்து எடு, அங்கதான் ஆட்டம் கம்மி. அம்மாவைக் காலைல எழுந்ததும் மேல கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் வெயில்ல நடக்க வை. ராத்திரி திரையை முழுசா அணைச்சுறாத, புது இடத்துல கும்மிருட்டுல பாத்ரூம் போய் விழுந்துரப் போறாங்க. வாந்தி மாத்திரையை நீயா வாங்கிக் கொடுக்காத, அம்மாவோட டாக்டரைக் கேளு, வயசானவங்களுக்குச் சில மாத்திரை குழப்பம் உண்டாக்கும்"னேன்.

"அன்னைக்கு மெரினாவுக்கு பஸ் ஏறச் சொன்ன?"ன்னான். விடுறா.

எங்க ஐசியூ கதையோட முடிச்சுக்கறேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தாத்தா இருந்தார், நுரையீரல் பிரச்சினை. தேறி வந்துட்டிருந்தவர் ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்து, "பால் கறக்க நேரமாச்சு, மாட்டை யார் அவுத்தா"ன்னு கேட்டு ஊசி வயரைப் பிடுங்கிட்டார். டெலிரியம். டூட்டி சிஸ்டர் பக்கத்துல உக்காந்து, "இன்னும் விடியல தாத்தா, மூணு மணிதான், ஆஸ்பத்திரில இருக்கீங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லித்தான் படுக்க வெச்சாங்க. அவருக்கு எப்படித் தெரியும்? ஏசி போட்டப்ப, வெயில் உள்ள வரக் கூடாதுன்னு எங்க ஜன்னல் கண்ணாடி பூரா கறுப்பு ஃபிலிம் ஒட்டிட்டாங்க. ஜன்னல் இருந்தும் இல்லாத ஐசியூ.

இந்தப் பதிவுக்காகப் படிச்சுட்டு இருந்தப்பதான் மண்டையில உறைச்சது. இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்க, "இதை நான் ரெண்டு வருஷமா சொல்றேன் சார்"னாங்க. லெட்டர் எழுதி, ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, நேத்து ஒரு ஆள் வந்து பிளேடு வெச்சுச் சுரண்டி எடுத்தார். மூணு கண்ணாடி முடிஞ்சது, ஒண்ணு பாக்கி. எல்லாப் படுக்கைக்கும் எதிர்ல தெரியுற மாதிரி சுவர்க் கடிகாரமும் ஒண்ணு மாட்டியாச்சு.

வெளியே பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு தண்ணி டேங்க், அதுக்குப் பின்னால பாதி வேப்பமரம். மூணாவது பெட்ல இருக்கிற அம்மா இன்னைக்குக் காலைல ரவுண்ட்ஸ்ல, "டாக்டர், கட்டிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினா மரம் பூரா தெரியும்போல"ன்னாங்க. தள்ளிட்டுத்தான் வந்தேன்.